எருக்கங்குளத்துக்குப் போன ஆயிரம் சால்வை

பொன்னாவரை நாடு என்று ஒரு நாடு. வெகு காலத்துக்கு முன்னால் அதை வல்லபராயன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். அள்ளி அள்ளிக் கொடுக்கிற கை அவருக்கு. ஆனால் கொடுத்த மறுநிமிஷமே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வாழ்த்துச் சத்தம் கேட்டால்தான் அவருக்குக் கொடுத்த மாதிரி இருக்கும்.

ஒரு வருஷம் எருக்கங்குளம் என்ற ஊரில் பயிரெல்லாம் கருகிப்போயிற்று என்று சேதி வந்தது. ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. "அந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும். நாடே பேசுகிற மாதிரி செய்ய வேண்டும். என்ன கொடுக்கலாம்?" என்று சபையைக் கேட்டார்.

அமைச்சர் சிந்தாமணியார் எழுந்தார். "ஊர்க்காரர்களையே ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே, மன்னா."

"கொடுக்கிறவர் போய்க் கேட்பதாவது!" என்று குதித்தார் சபாரஞ்சிதர். ராஜாவைப் புகழ்வதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர். அமைச்சரைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். "தலைக்கொரு ஜரிகைச் சால்வை அனுப்புங்கள், பிரபு! ஓரத்தில் தங்கள் திருநாமத்தை நெய்துவிடலாம். ஆயிரம் பேர் போர்த்திக்கொண்டு நடந்தால் ஆயிரம் கொடி பறக்கிற மாதிரி இருக்காதா?"

ராஜா சொக்கிப்போனார். ஆயிரம் சால்வை வண்டி ஏறிற்று.

ஒரு மாதம் ஆயிற்று. எருக்கங்குளத்திலிருந்து ஒரு வாழ்த்தும் வரவில்லை. ராஜா முகம் சுண்டிவிட்டது.

"நன்றி கெட்ட ஜனங்கள், பிரபு! ஊரோடு துரத்துங்கள். மற்றவர்களுக்கும் புத்தி வரும்" என்று தூபம் போட்டார் சபாரஞ்சிதர்.

"துரத்திவிட வேண்டியதுதான்!" என்றார் ராஜா.

சிந்தாமணியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. "தாங்களே நேரில் வந்து துரத்தினால்தானே கம்பீரம், மன்னா? நான் முன்னால் போய் ஜனங்களைக் கூட்டி வைக்கிறேன்" என்றார்.

அது சித்திரை வெயில். வழியில் சாப்பிட அமைச்சர் கட்டிக்கொடுத்திருந்தது புளியோதரையும் மோர்மிளகாயும். ராஜா ருசித்து ருசித்துச் சாப்பிட்டார். தண்ணீர் கேட்டபோதுதான் தெரிந்தது, தண்ணீர் வண்டி அச்சு முறிந்து பின்னால் நின்றுவிட்டதாம். "ஊர் பக்கத்தில்தான்" என்று ஓட்டினார்கள். எருக்கங்குளம் போய்ச் சேரும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஊரே வரிசையில் நின்றது. முதலில் பூவாயி என்ற பெண் வந்தாள். "மகராசா நல்லா இருக்கணும்! நீங்க கொடுத்த சால்வையை உங்களுக்கே போர்த்துறோம், சாமி" என்று போர்த்தினாள். ராஜாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்த ஆள் வந்தான். இன்னொரு சால்வை, இன்னொரு வாழ்த்து. அடுத்தவள். அதற்கடுத்தவன். வேர்வை ஆறாக ஓடிற்று.

"போதும்... தண்ணீர்..." என்றார் ராஜா.

"மகராசா களைச்சிட்டாரு, பாவம். நல்ல ஜரிகையாப் பார்த்து ஒண்ணு கொண்டாங்கடா!" என்று குரல் கொடுத்தாள் பூவாயி.

சால்வைக் குவியலுக்குள் ராஜாவின் கிரீடம் மட்டும்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து கர்ஜனை கேட்டது: "சால்வையைக் கொண்டுபோய்க் கொளுத்துங்கள்! நான் கேட்டது தண்ணீர்!"

பூவாயி கையிலிருந்த சால்வையைக் கீழே வைத்தாள். துணிந்து சொல்லிவிட்டாள். "நாங்களும் அதைத்தான் சாமி கேட்டிருப்போம். எங்களை யாரும் கேக்கலையே."

அமைச்சர் ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினார். ராஜா மடமடவென்று குடித்துவிட்டு அவரை முறைத்தார். "வண்டி அச்சும் உம்முடைய வேலைதானே?"

"ஆமாம், மன்னா. என் தலையை வாங்குவதானால் இன்னொரு செம்பு குடித்துவிட்டு வாங்குங்கள். வெறும் தாகத்தோடு வேண்டாம்."

ராஜாவுக்குக் கோபமும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன. சிரிப்புதான் ஜெயித்தது. "அம்மா, உங்கள் ஊருக்கு என்னதான் வேண்டும்?" என்று பூவாயியைக் கேட்டார்.

அவள் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போனாள். மதகு இடிந்து கிடந்தது. பெய்கிற மழையெல்லாம் அந்த வழியே ஓடிவிடுகிறது. "கல்லும் சுண்ணாம்பும் நல்ல கொத்தனார் ஒருத்தரும் போதும், சாமி. மண்ணு நாங்க சுமந்துக்குறோம்."

"இவ்வளவுதானா? அந்தச் சால்வைச் செலவில் பத்து ஊர் மதகைக் கட்டியிருக்கலாமே!" என்று வியந்தார் ராஜா.

கூடவே வந்திருந்த சபாரஞ்சிதர் பதறிப்போனார். "அப்படிச் சொல்லாதீர்கள், பிரபு! என் மைத்துனர் அதில் லாபமே வைக்கவில்லை!"

"உம்முடைய மைத்துனரா?"

அப்போதுதான் சபாரஞ்சிதர் வாயைப் பொத்தினார்.

ராஜா அங்கேயே தீர்ப்புச் சொன்னார். மைத்துனர் ஆயிரம் சால்வையையும் அதே விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பணம் எருக்கங்குளத்து மதகுக்கும், மிச்சம் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும். சபாரஞ்சிதர் மதகு முடிகிறவரை மண் சுமக்க வேண்டும். பிறகு ஊர் ஊராகப் போய் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு வர வேண்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அமைச்சருக்குக் கொடுக்கலாம் என்று ராஜா தம் முத்துமாலையைக் கழற்றினார். பாதியில் நிறுத்திவிட்டு, "உமக்கு என்ன வேண்டும், சிந்தாமணியாரே?" என்றார்.

"எனக்கு இப்போதே கிடைத்துவிட்டது, மன்னா" என்றார் அமைச்சர்.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்டதும் ராஜா பரிவாரம் இல்லாமல் எருக்கங்குளம் போனார். குளம் ததும்பிக்கொண்டு நின்றது. வயல் முழுக்க நடவு. வரப்பில் ஏறி நின்று பார்த்தார். குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒருத்தி தலையைத் தூக்காமலே கத்தினாள்: "யாருய்யா அது, ஈர வரப்பைச் சரிக்கிறது? இறங்கு கீழே!"

"இதோ, இறங்கிட்டேன் தாயி" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினார் பொன்னாவரை நாட்டு ராஜா. அங்கே யாருக்கும் நிமிர்ந்து பார்க்க நேரமில்லை. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.