ராஜா யாரைப் பார்க்கிறார்

"நாளைக்கு வேற யாரையாவது அனுப்புங்க டீச்சர். என்னால ஆகாது" என்றாள் மதலேனாள், வந்ததும் வராததுமாக.

தமயந்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

தமயந்திக்கு மதலேனாளின் மூத்த மகள் வயதுகூட இராது. சபையில் வாயடைத்துப் போகிறவர்களுக்கு வாதாடச் சொல்லித் தருவதுதான் அவள் வேலை. மற்ற நேரத்தில் படம் வரைவாள்.

மதலேனாளோ மீன் சந்தையில் வாய் திறந்தால் அடுத்த தெரு நாய் எழுந்து போய்விடும். அப்பேர்ப்பட்டவள் நகரசபை மண்டபத்தில் இரண்டு முறை எழுந்து நின்று, ஒரு சொல்லும் வராமல் திரும்பியிருந்தாள்.

"நாளைக்கும் யாரும் பேசலைன்னா?" என்றாள் தமயந்தி.

"ஆட்சேபணை இல்லைன்னு எழுதிடுவாங்க. சந்தையைத் தூக்கிப் புறவழிச்சாலைக்கு அந்தாண்ட போட்டுருவாங்க. அங்க காக்காதான் வந்து மீன் வாங்கும்."

"தெரியுதுல்ல?"

"தெரியப் போய்த்தான் சொல்றேன். பேசத் தெரிஞ்ச ஆளை அனுப்புங்க."

"யாரைப் பாத்து பயம் அக்கா? தலைவரையா?"

"அவரா? அரைக்கால் சட்டையோட எங்கிட்ட மத்தி வாங்க வந்த ஆளு. அவருக்கு மேல தொங்குறாரே, அவருதான்."

மேலே தொங்குகிறவர் ஐரோப்பிய ராஜா ஒருவர். ஆளுயரத்துக்கும் பெரிய எண்ணெய் வண்ணப் படம். அவர் ஆட்சி போய்விட்டது. அவருக்குக் கப்பம் கட்டியவர்களும் போய்விட்டார்கள். அவர் மட்டும் இறங்கவில்லை. இறக்க ஒரு தீர்மானம் வேண்டுமாம். தீர்மானத்துக்கு ஒரு குழு வேண்டுமாம். அந்தக் குழுவும் அவருக்குக் கீழேதான் கூட வேண்டுமாம்.

"படத்துல என்ன இருக்கு?"

"திமிரு இருக்கு. தோள்ல கனத்த ரோமப் போர்வை. ஒரு காலை முன்னால வச்சிருக்காரு, நம்ம முதுகு மேல வச்ச மாதிரி. கிரீடம் தலையில இல்ல, பக்கத்துல மெத்தையில கிடக்கு. போட்டாத்தான் ராஜாவான்னு கேக்குறாரு."

"கண்ணு?"

மதலேனாள் குரல் இறங்கியது.

"அதான் டீச்சர். எந்த மூலைக்குப் போனாலும் என்னையே பாக்குது. வாயை மூடுன்னு சொல்லுது. கண்ணை மூடிக்கிட்டுப் பேசிரவா?"

"பேசலாம். சபையில எல்லாரும் ஆமென் போடுவாங்க."

மதலேனாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தமயந்தி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"எப்படி நிக்கிறாரு, காட்டுங்க."

மதலேனாள் எழுந்தாள். வலது காலை முன்னே வைத்தாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றினாள். மறு கையில் செங்கோலுக்குப் பதில் ஒட்டடைக் கம்பு. முகவாயை உயர்த்தினாள்.

தமயந்தி கட்டிலில் கிடந்த கம்பளியை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள். சித்திரை மாதம்.

"அப்படியே நில்லுங்க."

தாளை எடுத்து வரையத் தொடங்கினாள்.

கம்பளிக்குள் வேர்வை வழிந்தது. பக்கத்து வீட்டில் குழம்பு கொதித்தது, வாசனை வந்தது. ஓர் ஈ வந்து மதலேனாளின் மூக்கில் உட்கார்ந்தது.

"கையை இறக்கிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"கொஞ்சம் தண்ணி..."

"வாயை அசைக்காதீங்க அக்கா. கோணிக்கும்."

சந்தையில் எவராலும் அடக்க முடியாத மதலேனாள் வாயை மூடிக்கொண்டாள். கால் மரத்தது. இடுப்பு கடுத்தது. தமயந்தி தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், ஒரு கோடு போடுவாள், அதை அழிப்பாள், மறுபடி போடுவாள். அவளுக்கென்ன, உட்கார்ந்திருக்கிறாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிய பிறகுதான் தாளைத் திருப்பினாள்.

"இந்தம்மா என்ன சொல்றாங்க?"

மதலேனாள் கம்போடு குனிந்து பார்த்தாள். தாளில் ஒரு மகாராணி நின்றாள். உலகத்தையே துச்சமாகப் பார்க்கிற கண்.

"அய்யே, நானா இப்படி முறைச்சேன்?"

"யாரை முறைச்சீங்க?"

"யாரை முறைப்பேன்? உங்களைத்தான். எப்ப டீச்சர் விடுவீங்க, எப்ப உக்காருவோம்னு..."

கம்பைச் சுவரில் சாய்த்தாள்.

படத்தைப் பார்த்தாள். தமயந்தியைப் பார்த்தாள். தமயந்தியின் விரலில் பென்சில் கரி ஒட்டியிருந்தது.

மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பிவந்தது. அழுகை என்று நினைத்தாள். சிரிப்பு. நிறுத்த முடியவில்லை.

"அப்ப, அவரும் வரைஞ்ச ஆளைத்தான்..."

"கம்பளியைக் கொடுங்க. துவைக்கணும்" என்றாள் தமயந்தி.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் மீன்காரப் பெண்கள் நின்றார்கள். மதலேனாளின் பெயரைக் கூப்பிட்டதும், தலைவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"என்னம்மா, இன்னைக்காவது வாய் திறப்பியா? இல்ல, ஆட்சேபணை இல்லைன்னு எழுதிரலாமா?"

மதலேனாள் அவர் தலைக்கு மேலே பார்த்தாள். முன்னே வைத்த கால். இடுப்பில் ஊன்றிய கை. தோளில் அந்தக் கனத்த ரோமப் போர்வை. பார்த்தபடியே நின்றாள். அவள் முகம் இளகியது.

"அங்க என்னத்தைப் பாக்குற?" தலைவரும் திரும்பி அண்ணாந்தார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் மதலேனாள், சந்தைக் குரலில். "பாவம், அவரு நிக்கட்டும். நாம பேசுவோம்."