மூன்று ரிங்

சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் வயதுக்குக் கணக்கில்லை, மலைக்குப் போன வருடங்களுக்குத்தான் கணக்கு. அப்படித்தான் அர்த்தநாரியின் லாரியில் ஒரு காலத்தில் கிளீனராக இருந்த மாதேசன், அவருக்கே குருசாமி ஆனார். முதல் வருடம் அந்தக் குருசாமியின் காலைத் தொட அர்த்தநாரிக்கு இடுப்பு வளையவில்லை. அந்த மனத்தாங்கல் இன்னும் முழுசாகத் தீர்ந்தபாடில்லை.

அன்று சாயங்காலம் பூஜைக்கு முன்பே, மாலை போட்டவர்கள் தங்கும் பந்தலுக்குள் வந்து, குருசாமிக்கு எதிரே உட்கார்ந்தார் அர்த்தநாரி. கை கழுத்து மாலையைப் பிடித்திருந்தது.

"இதைக் கழற்றி விடுங்க சாமி. வீட்டுக்குப் போய் ஒரு முடிவு கட்டணும்."

குருசாமி விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டே காரணம் கேட்டார்.

அர்த்தநாரி எல்லாவற்றையும் கொட்டினார். மச்சினன் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டார்கள். இனி உன் அண்ணன் வாசலை மிதிக்கக் கூடாது என்று மனைவி பாவாயியிடம் சொல்லிவிட்டு, மாலை போட்டுப் பந்தலில் வந்து தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் அவள் பெயரைத் திறந்தால், கீழே 'டைப்பிங்' என்று வருகிறது. நிற்கிறது. மறுபடி வருகிறது. இவருக்கு ஒன்றும் வந்து சேர்வதில்லை. புருஷன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எவனுக்கோ விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"பேரன் எடுத்த வயசுல இந்தப் புத்தி" என்றார்.

குருசாமி எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"உங்க போன்ல என் பேரைத் திறந்து வைங்க சாமி."

அர்த்தநாரி திறந்தார். குருசாமி ஏதோ எழுதினார். அர்த்தநாரியின் போனில் குருசாமியின் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று வந்தது. எழுதியதைக் குருசாமி அழித்தார். அதுவும் மறைந்தது. செய்தி வரவில்லை.

பிறகு சமையல்கார சாமிக்கு எதையோ நீளமாக எழுதினார். அர்த்தநாரியின் போனில் ஒன்றும் அசையவில்லை.

"முதல்ல நான் யாருக்கு எழுதினேன்?"

"எனக்கு."

குருசாமி மறுபடி திரியை எடுத்துக்கொண்டார்.

மாலையைப் பிடித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. ஆனாலும் அர்த்தநாரி விடவில்லை. எழுதினதை அனுப்புறதுக்கு என்ன கேடு, அந்தக் காலத்தில் இப்படியா இருந்தாள் என்று ஆரம்பித்தார்.

பட்டன் போன் காலம் அது. ஒரு ரிங் விட்டு கட் செய்தால் ஊர் போய்ச் சேர்ந்தாச்சு. இரண்டு என்றால் சாப்பிட்டாச்சு. மூன்று என்றால் கோபம் போச்சு. போனை எடுக்கவே கூடாது, எடுத்தால் காசு போய்விடும். சண்டை போட்டுக் கிளம்பிய லோடு நடைகளிலெல்லாம் நாக்பூர் தாண்டி எங்காவது ஒரு டீக்கடையில் வண்டி நிற்கும். டீயைக் குடித்துவிட்டு வந்து ஏறினால், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கிடக்கும் போன் மூன்று தரம் அடித்து ஓயும். அதற்குப் பிறகு ரோட்டுப் புழுதிகூட அவருக்கு மணக்கும். பக்கத்தில் இருக்கும் மாதேசனை முழங்கையால் இடித்து, "பார்த்தியாடா, அவளே இறங்கி வந்துட்டா" என்பார்.

சொல்லும்போதே அந்தப் பழைய சிரிப்பு முகத்தில் வந்துவிட்டது.

"ஒரு தரம்கூட நான் முதல்ல அடிச்சதில்ல சாமி. அவளேதான் அடிப்பா."

"டீ குடிக்க நீங்க இறங்கிடுவீங்க. போன் வண்டியிலேயே கிடக்கும்."

"ஆமா."

"நானும் வண்டியிலதான் இருப்பேன்."

அர்த்தநாரி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க போன்ல இருந்து அக்காவுக்கு மூணு ரிங் விட்டு கட் பண்ணுவேன். நீங்கதான் இறங்கி வந்துட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் அக்கா அடிப்பாங்க."

வெளியே யாரோ மைக்கைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்த்தநாரி போனில் பாவாயியின் பெயரைத் திறந்தார். கீழே 'டைப்பிங்' என்று வந்தது. நின்றது.

"இப்ப நான் என்ன பண்ணட்டும் சாமி?"

குருசாமி திரியை விளக்கில் இட்டார்.

"இப்ப வண்டியில கிளீனர் இல்லீங்களே சாமி."