எதிரி வைக்க வேண்டிய தாம்பூலம்

எந்த வீட்டிலும் மாப்பிள்ளைக்குத் தனி மரியாதைதான். அரண்மனை மாப்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். வேங்கைமலை ராஜா முத்துவிசயர் தம் ஒரே மகளை ரகுநாத துரைக்குக் கட்டிக்கொடுத்து எட்டு மாதம் ஆயிற்று. மறுவீட்டு விருந்துக்கு வந்த துரை திரும்பிப் போகவே இல்லை. போங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நல்ல பிள்ளைதான். குடி கிடையாது, சூது கிடையாது. மாப்பிள்ளை முறுக்கு மட்டும் கொஞ்சம் தூக்கல். சாப்பாட்டுக்குக்கூட மைத்துனனான இளவரசன் தாம்பூலத் தட்டோடு வந்து மூன்று தரம் அழைக்க வேண்டும். இரண்டு தரத்தோடு நிறுத்தினால், "பசியில்லை" என்று படுத்துவிடுவார்.

ராணி ராஜாவை அரித்தெடுத்தாள். "வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரே சிரிக்கிறது. ஏதாவது பதவி கொடுங்கள்."

ராஜா இறங்கிவிட்டார். முப்பது வருஷம் எல்லையைக் காத்த தளவாய் மாறநாடரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, படையை மருமகன் கையில் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதுவும் எப்போது? பக்கத்து நாட்டுக் கருங்குடி ராஜாவின் ஆட்கள் வாரம் தவறாமல் எல்லை தாண்டி வந்து மாடுகளை ஓட்டிப் போகிற சமயத்தில்.

தளவாய் நேரே அரண்மனை விகடர் இருளப்பரிடம் வந்தார். "என் பதவி போனால் போகட்டும், அண்ணாச்சி. எல்லையில் இருக்கிற சனங்கள் என்ன பாவம் செய்தார்கள்?"

இருளப்பர் ராஜாவிடம் போனார். அவர் வாயைத் திறக்குமுன் ராஜா முந்திக்கொண்டார்.

"எதற்கு வந்தாய் என்று தெரியும். மாப்பிள்ளையைப் பற்றி ஒரு குறை சொன்னாலும் நாளையிலிருந்து நீ சபைக்கு வர வேண்டாம்."

"குறையா? மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாது என்று சொல்லத்தான் வந்தேன், மகாராஜா."

"அப்படிச் சொல்லு" என்றார் ராஜா. அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மறுநாள் காலை சபை கூடியது. தளவாயின் வாள் பட்டுத் துணியில் காத்திருந்தது. மாப்பிள்ளையைக் காணோம். இளவரசன் அழைக்கப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து எல்லையிலிருந்து ஆள் ஓடி வந்தான். கருங்குடி ஆட்கள் விடியற்காலையில் நாற்பது மாடுகளை ஓட்டிப் போய்விட்டார்களாம்.

"மாப்பிள்ளையை உடனே வரச் சொல்லுங்கள்" என்றார் ராஜா.

இளவரசன் வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றான். "இரண்டு தரம் அழைத்துவிட்டேன், அப்பா. மூன்றாவது தரத்துக்கு வெற்றிலை தீர்ந்துவிட்டது."

ராஜா பல்லைக் கடித்தார். அப்போதுதான் இருளப்பரைப் பார்த்தார். கையில் வெள்ளித் தட்டு. தட்டில் கவுளி கவுளியாக வெற்றிலை, பாக்கு, தேங்காய். பின்னால் மேளக்காரர்கள். பயணத்துக்குக் கட்டுச்சோறு வேறு.

"அங்கே வெற்றிலை இல்லை என்கிறான். நீ இதை எங்கே தூக்கிக்கொண்டு போகிறாய்?"

"கருங்குடிக்கு, மகாராஜா. அந்த ராஜாவிடம் கொடுக்க."

"எதிரிக்குத் தாம்பூலமா?"

"அவருக்கு இல்லை. அவர் இதை எடுத்துக்கொண்டு வந்து நம் மாப்பிள்ளையைச் சண்டைக்கு அழைக்க வேண்டுமே. அழைக்காத இடத்துக்கு நம் மாப்பிள்ளை எப்படிப் போவார்? மூன்று தரம் அழைக்கச் சொல்லிவிட்டு வருகிறேன். அதுவரை மாடுகளைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லலாமா?"

"அடே, நீ குறை சொல்கிறாய்."

"மரியாதை அல்லவா செய்கிறேன்? ஒரு சந்தேகம்தான். அழைக்கிறவர் மைத்துனன் முறையாக இருக்க வேண்டும். அந்த ராஜா நமக்கு என்ன முறை?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜாவும் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தலைப்பாகை கழன்று மடியில் விழும்வரை சிரித்தார். பிறகு வாளை எடுத்து மாறநாடர் கையிலேயே கொடுத்தார். தளவாய் ஒரு தரம்கூட அழைப்புக்குக் காத்திராமல் குதிரை ஏறினார். சாயங்காலத்துக்குள் நாற்பது மாடும் தொழுவத்துக்கு வந்துவிட்டன.

துரைக்கும் பதவி கிடைத்தது. அயல் அரண்மனைக் கல்யாணங்களுக்கு வேங்கைமலை சார்பில் போய்வருகிற பொறுப்பு. அங்கேயெல்லாம் தாம்பூலம் வைத்துத்தான் அழைப்பார்கள். மனுஷர் சந்தோஷமாகக் கிளம்பினார். ராணிக்கும் நிம்மதி.

"இருளப்பா, உனக்கு என்ன வேண்டும்? கேள்" என்றார் ராஜா.

"என் வீட்டிலும் இரண்டு மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள், மகாராஜா. அவர்களைத் தளவாயின் படையில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

"அவர்களுக்குச் சண்டை தெரியுமா?"

"அது தெரியாது. ஆனால் இலை போடுகிற சத்தம் கேட்டால் போதும், கூப்பிடாமலே முதல் ஆளாகப் பாய்ந்து வருகிறார்கள்."