சுகந்தி கல்யாணத்துக்குச் சான்றிதழ் இல்லை

முள்ளங்குடியில் பரஞ்சோதி என்றொரு ஓய்வுபெற்ற குமாஸ்தா இருந்தார். சான்றிதழ் போதாது என்று ஊரில் பாதிப் பேரை முப்பது வருஷம் அலையவிட்ட மனிதர். அவருடைய ஒரே மகள் சுகந்திக்குச் சிங்கப்பூரில் கல்யாணம். விமான நிலையத்தில் போய்ப் பார்த்தால், அவர் பாஸ்போர்ட்டே காலாவதி. மனைவி மட்டும் பறந்தாள். தம்பிகள் கஜேந்திரனும் தர்மலிங்கமும், "அண்ணனை விட்டுட்டு நாங்க போறதா?" என்று செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டுகளோடு வீடு திரும்பினார்கள். அப்பேர்ப்பட்ட பாசம்.

முகூர்த்தம் நம்மூர் நேரப்படி காலை ஏழரை. மூவரும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்து, மகள் அனுப்பிய லிங்க்கைத் திறந்தார்கள். கல்யாணம் வரவில்லை. 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று வந்தது.

"மூணு பேரா உக்காந்தா அதுக்குப் பிடிக்கல போல" என்றார் கஜேந்திரன். ஜன்னலைச் சாத்தினார்கள். தர்மலிங்கத்தை வாசலில் நிறுத்தினார்கள். அப்படியும் மசியவில்லை.

கீழே, 'பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது' என்றிருந்தது. பரஞ்சோதிக்கு மிஷின்மேல் மரியாதையே பிறந்துவிட்டது.

"மிஷினா இருந்தாலும் முறை தெரிஞ்சது, பாருடா!"

பீரோவைத் திறந்து சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் திரைக்கு முன்னால் பிடித்தார்.

"படிக்க நேரம் குடுங்கண்ணே" என்றார் கஜேந்திரன்.

பத்து நிமிஷம் கொடுத்தார்கள். பிறகுதான் கணினிக் கடை சேதுவுக்குப் போன் போட்டார்கள்.

"கம்ப்யூட்டர்ல கடிகாரம் பின்னாடி இருக்கும் சார். முன்னாடி கொண்டு வாங்க, சரியாயிடும்."

கணினிக்குப் பின்னால் ஒட்டடைதான் இருந்தது. கூடத்துப் பின்சுவரில் தொங்கிய கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்தார்கள்.

"வெச்சாச்சு தம்பி."

"இன்னைக்குத் தேதி போட்டீங்களா?"

வாசலிலிருந்து ஓடிவந்த தர்மலிங்கம் காலண்டர் தாளைக் கிழித்துத் திரையில் ஒட்டினார்.

"இப்ப என்ன சார் தெரியுது?"

"வளர்பிறை தசமி. ராகுகாலம் பத்தரைக்கு."

சேது போனை வைத்துவிட்டான்.

மணி ஏழு இருபது. பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறப்போகிறது. பரஞ்சோதி திரையில் ஒட்டிய காலண்டர் தாளின் ஓரத்தில் கண் வைத்து எதையாவது தேடிக்கொண்டிருக்கிறார். அங்கே ஒரு பொத்தான் தெரிந்தது: 'பாதுகாப்பிற்குத் திரும்பு.'

"நம்ம ஊர்ல பாதுகாப்பான இடம் எது?" என்றார் கஜேந்திரன்.

"போலீஸ் ஸ்டேஷன்."

"திரும்புன்னா, முன்னாடி ஒரு தடவை போயிருக்கணுமேண்ணே?"

"சைக்கிள் தொலைஞ்சப்ப போனோம்ல!"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூவரும் ஓடினார்கள். தெருவே திரும்பிப் பார்த்தது.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டம்மா மரகதம் முழுக் கதையையும் கேட்டார். பரஞ்சோதி போனில் இருந்த லிங்க்கை, அந்தப் போனிலேயே தட்டித் திறந்து மேஜைமேல் நிறுத்தினார்.

கெட்டிமேளம் கொட்டியது. சுகந்தி தலைகுனிந்திருந்தாள், தாலி ஏறியது. பரஞ்சோதி குழந்தைபோல விசும்பி, மடியிலிருந்த அட்சதையை அள்ளிப் போன்மேல் வீசினார். முக்கால்வாசி ஏட்டம்மா டீயில் விழுந்தது.

திரையில் பந்தி போட ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், மூவரும் ஸ்டேஷன் தரையில் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னும் என்ன? எந்திரிங்க!" என்று அதட்டினார் ஏட்டம்மா.

தர்மலிங்கம் கைகூப்பினார். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லம்மா. முதல்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பிடட்டும்."