உத்திரம் யாருது?

கேளுங்க பெரியவங்களே, சின்னவங்களே. ராஜா பேரு ஜனங்களுக்குத் தெரியாது, ஜனங்க பேரு ராஜாவுக்குத் தெரியாது, அப்படி ஒரு காலம். ஆத்தங்கரை ஊர் ஒண்ணுல ஒரு பாக்கு வியாபாரி மச்சு வீடு கட்டினான். கீழே கூடம், மேலே மச்சு, ஏறுறதுக்கு வெளிப்பக்கமா படி. மச்சைத் தாங்குறதுக்குக் குறுக்கே ஒத்தை உத்திரம், அதுவும் மாமரத்துல. வியாபாரி இல்லையா, மிச்சம் பிடிச்சான்.

அவனுக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவ உமையாள், அடுத்தவன் அம்பலவாணன், கடைசி தாண்டவன். ஆத்தா சீக்கிரம் போயிட்டா. உமையாள் தாலி அறுத்துத் திரும்பி வந்தவ. தம்பிங்க ரெண்டையும் இடுப்புல தூக்கி வளத்தா. அவளுக்கு உலகம்னா அந்த ரெண்டு பேருதான்.

சாகும்போது அப்பன் பாகம் பிரிச்சான். "மச்சு பெரியவனுக்கு. கூடம் சின்னவனுக்கு. அக்காவை ரெண்டு பேரும் பாத்துக்குங்க." உத்திரத்தைப் பத்தி வாயைத் தொறக்கல. அதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு.

வருஷம் ஓடுச்சு. ஒருநாள் அம்பலவாணன் மச்சுல பாக்கைப் பரப்பினான். அத்தனையும் உருண்டு நடுவுல போய்க் கூடிக்கிச்சு. தரை பள்ளம் விழுந்திருந்துச்சு.

உமையாள் கீழே வந்து உலக்கையால உத்திரத்தைத் தட்டிப் பாத்தா. பொத்துனு ஒரு சத்தம், தலையில மண்ணு கொட்டுச்சு. கரையான்.

"தம்பி, உத்திரத்தை மாத்துடா"ன்னா பெரியவன்கிட்ட.

"உத்திரம் எங்கக்கா இருக்கு? அவன் கூடத்துல, அவன் தலைக்கு மேல. அவன் மாத்தட்டும்."

சின்னவன்கிட்ட போனா. "அது யாரு தரையைச் சுமக்குது? அவன் தரையை. அவன் சுமைக்கு நான் ஏன்க்கா தோள் குடுக்கணும்?"

நாட்டாமைகிட்ட போனா. அவரு தாடியைத் தடவிக்கிட்டே தீர்ப்புச் சொன்னாரு: "உத்திரத்துல மேல்பாதி பெரியவனுக்கு, கீழ்பாதி சின்னவனுக்கு." ஊரே மெச்சுச்சு.

தீர்ப்பை ரெண்டு பேரும் மதிச்சாங்க. பெரியவன் மேல்பாதியைப் பாத்துக்கிட்டான்: பள்ளத்துல சுண்ணாம்புக் காரை கொட்டி மட்டம் பண்ணினான். சின்னவன் கீழ்பாதியைப் பாத்துக்கிட்டான்: பளபளன்னு வேப்பெண்ணெய் பூசினான். நடுவுல இருந்த மரம் யாரு பங்குலயும் வரல. அதைக் கரையான் பாத்துக்கிச்சு.

காரை பாரத்துல தரை இன்னும் இறங்குச்சு. பெரியவன் திரும்பவும் கொட்டினான். திரும்பவும் இறங்குச்சு.

உமையாள் கொல்லையில கிடந்த பனந்தூணைத் தனியா உருட்டிக்கிட்டு வந்து, உத்திரத்துக்கு முட்டுக் குடுத்தா. ரெண்டு உள்ளங்கையும் தோலுரிஞ்சு போச்சு.

வெளியே போயிருந்த தாண்டவன் வந்து பாத்தான். "அவன் மச்சுக்கு என் கூடத்துல கால் முளைக்குதா? நல்லாருக்கே!"

"உன் தலைக்குத்தான்டா முட்டு. ஒரு மழைக்காலம் மட்டும் இருக்கட்டும்."

"இன்னிக்கு விட்டா நாளைக்குக் கூடமும் அவனுதுன்னுவான்." ஒரே உதை. தூண் உருண்டு வாசலுக்குப் போச்சு. மேலேருந்து அம்பலவாணன் சிரிச்சான்: "எடுத்துட்டானா? எடுக்கட்டும். என் தரை எவன் தயவுலயும் நிக்கல!"

மறுநாள் மத்தியானம். தாண்டவன் சாப்பிட்டுட்டுக் கூடத்து நடுவுல படுத்தான். மச்சுல அம்பலவாணன் மூணாவது தடவையா காரைச் சட்டியைத் தூக்கிக்கிட்டு நடுவுக்கு வந்தான்.

அடுப்படியில இருந்த உமையாளுக்கு ஒரு முறிவுச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் தூசிதான்.

பாகம் பிரிஞ்ச நாள்லேருந்து அண்ணன்காரன் தம்பியோட கூடத்துக்குள்ள கால் வெச்சதில்ல. அன்னிக்குத்தான் வந்தான். வாசல் வழியா வரல.

தாண்டவன் பேச்சு மூச்சில்லாம கிடந்தான். வேப்பெண்ணெய் பூசின பாதி அவன் நெஞ்சு மேல பளபளன்னு கிடந்துச்சு. அம்பலவாணனுக்கு உசுரு இருந்துச்சு, இடுப்புக்குக் கீழ அசைவில்ல.

உமையாள் சின்னவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக் குடுத்தா. பெரியவனை மாட்டுக் கொட்டாயில போட்டுக் கஞ்சி ஊட்டினா. ஒருநாள் அவன் அழுதுக்கிட்டே கேட்டான்: "அக்கா, நீயே சொல்லு. நியாயமா பாத்தா உத்திரம் யாருது?"

அவ கஞ்சிக் கரண்டியை அவன் வாய்ப்பக்கம் நீட்டினா.

"இப்ப முழுசா உன்னுதுதான்டா. பங்கு கேக்க ஆளில்ல."

கேட்டீங்களா ஜனங்களே, இதுக்கு மேல கதை இல்ல: எல்லாரையும் தாங்குறதை யாருதுன்னு வழக்காடிக்கிட்டு நின்னா, அது விழும்போது எல்லாரு தலையிலயும்தான் விழும்.