டீச்சர் வீட்டில் கிளம்பாத கம்ப்யூட்டர்

அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த தணிகாசலத்துக்கு ஒரே வயிற்றெரிச்சல். கடையைப் பெருக்க வந்த அஞ்சலை, பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். வாடிக்கைக்காரர்கள் அவளைத்தான் அனுப்பச் சொன்னார்கள். எந்த முதலாளி தாங்குவான்?

கமலவேணி டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒருநாள் ஆன் ஆகவில்லை. தணிகாசலம் போய்த் திறந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், திரும்பி வந்தார்.

"நீதான் பெரிய இன்ஜினியராச்சே, போய் எழுப்பு. எழுப்பலேன்னா கடை வாசல மிதிக்காத."

அஞ்சலை போனாள். கழன்றிருந்த ஒயரை மாட்டினாள். அப்படியும் அசையவில்லை. உள்ளே ரேம் இருக்கவேண்டிய இடம் காலி. அது இல்லாமல் எந்தக் கம்ப்யூட்டரும் கண் திறக்காது. சொன்னால், நீதான் திருடினாய் என்பார் முதலாளி.

டீச்சரைப் பக்கத்தில் நிறுத்தி, ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"சார், ஆன் ஆயிடுச்சு!"

"எப்படி ஆகும்?"

"ஜம்முனு ஓடுது சார். இனிமே உங்கள வரவேணாம்னு டீச்சர் சொல்றாங்க."

அந்தச் சொல் தணிகாசலத்தைச் சுட்டுவிட்டது.

"அடிப் பொய்க்காரி! ரேம் என் சட்டைப்பையில கிடக்கு, அது எப்படிடி ஓடும்?"

டீச்சர் போனை வாங்கினார்.

"தணிகாசலம், அதக் கொண்டுவந்து குடுத்துட்டுப் போங்க. மாட்டறதுக்கு அஞ்சலை இருக்கா."