கோட்டைத் தாண்டிய விளாங்காய்

காட்டில் டென்னிஸா என்று சிரிக்காதீர்கள், குழந்தைகளே. ஆற்றங்கரைக் காடு ஒன்றில் இரண்டு மரங்களுக்கு நடுவே கொடியைக் கட்டி, விளாங்காயைப் பந்தாக்கி, மிருகங்கள் ஆடத்தான் ஆடின. அதில் வெள்ளச்சி என்ற முயலை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

எந்தப் பந்தையும் அது விடாது. கோட்டுக்கு வெளியே போகிற பந்தைக்கூடப் பாய்ந்து அடித்துவிடும். அந்தப் பழக்கத்தாலேயே முழங்கால் போனது. ஆட்டத்தை விட்டுவிட்டு, கொடி கட்டிய மரத்தடி வளையில் முடங்கியது.

அன்றிலிருந்து அதற்கு ஓயாத பயம். முன்பு அதைத் துரத்த ஓநாய்கூட யோசிக்கும். இப்போது அது நொண்டுவது காட்டுக்கே தெரியும். சருகு அசைந்தாலே வளையின் மூலைக்குப் போய் ஒடுங்கியது.

ஒரு மாலை நரி மட்டையோடு வந்தது.

"வெள்ளச்சி அக்கா, உங்க ஆட்டத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு! ஒரே ஒரு ஆட்டம் ஆடுங்களேன்."

"எனக்குக் கால் சரியில்லையே, தம்பி."

"நீங்க ஓடவே வேண்டாம். கைக்கு எட்டுற மாதிரியே போடுறேன்."

புகழ்ச்சிக்கு மயங்காதவர் யார்? வெள்ளச்சி மட்டையை எடுத்தது.

முதல் காய் அருகே விழுந்தது. அடுத்தது சற்றுத் தள்ளி. அப்புறம் ஒன்று கோட்டின் மேலேயே விழுந்தது. வெள்ளச்சி நொண்டி நொண்டி ஓடி எல்லாவற்றையும் அடித்தது.

"அடடா, அந்தக் கை இன்னும் அப்படியே இருக்கே!" என்றது நரி.

வெள்ளச்சி நிமிர்ந்து பார்த்தபோது வளை வெகு தூரத்தில் இருந்தது. குருவிகள் எல்லாம் வாயடைத்திருந்தன. கோட்டுக்கு அப்பாலிருந்த ஈச்சம்புதரிலிருந்து ஓநாயின் வாடை வந்தது. இந்தக் காலோடு ஓடினால் பாதி வழிகூடத் தாண்ட முடியாது.

நரி ஓங்கி அடித்தது. காய் தலைக்கு மேலே புதரை நோக்கிப் பறந்தது.

"விடாதீங்க அக்கா! பின்னால ஓடுங்க!"

வெள்ளச்சியின் கால் தானாகவே எழும்பியது. பழக்கம் அப்படி! பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தரையில் ஊன்றியது. வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பந்தைப் போக விட்டது.

புதருக்குள் 'டொக்' என்று சத்தம் கேட்டது.

"ஐயோ, என் மூக்கு!" என்று அலறிக்கொண்டு ஓநாய் வெளியே வந்தது. எதிரே மட்டையோடு நின்ற நரிதான் அதன் கண்ணில் பட்டது. "முயலைப் பிடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டு என்னையேவா அடிச்சே?"

ஓநாய் நரியைத் துரத்தியது. வெள்ளச்சி தத்தித் தத்தி வளைக்குள் புகுந்தது.

"அவுட்" என்றது, நடுங்குகிற குரலில்.

நீதி: விட வேண்டியதை விடத் தெரிந்தவரே பிழைப்பார்.